செங்கோட்டையும் சிப்பாய்களும்

தெற்கிலிருந்து உற்றார் உறவினர் டில்லிக்கு வருகிறார்கள் என்றால், நம்மவர் வீடுகளில் ஒரு பட்டியல் தயாராகிவிடும். ஆக்ராவுக்கு ஒரு நாள். குதுப்மினாருக்கும் ஹுமாயூன் சமாதிக்கும் ஒரு நாள். ராஜ்காட்டுக்கும் செங்கோட்டைக்கும் ஒரு நாள். கோட்டை வாயிலில் ஒரு புகைப்படம், உள்ளே கடைத்தெருவில் சில வளையல்கள், பளிங்கு மண்டபங்களை ஒரு சுற்று. இவ்வளவில் செங்கோட்டை முடிந்துவிடுகிறது. மும்பையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் அலுவல் நிமித்தம் டில்லிக்கு வரும் தமிழன்பர்களும் பெரும்பாலும் இவ்வாறே பார்த்துத் திரும்புகின்றனர்.

அப்படிப் பார்ப்பதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் செங்கோட்டையின் மதிலுக்குள் இரண்டு கோட்டைகள் உள்ளன. ஒன்று, அரசர்கள் வாழ்ந்த கோட்டை. மற்றொன்று, சிப்பாய்கள் வாழ்ந்த கோட்டை. முதலாவதைக் காணவே பலரும் போகின்றனர். இரண்டாவதைக் குறித்தே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். அந்த இரண்டாவது கோட்டையில்தான் தமிழர்களாகிய நமக்கு உரிய ஒரு பங்கு இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் அரசர்களின் கோட்டையைச் சற்று நோக்குவோம். ஆக்ராவிலிருந்து தலைநகரை மாற்ற எண்ணிய ஷாஜஹான், யமுனைக் கரையில் ஒரு புதிய நகரத்தையும் அதற்குள் இந்தக் கோட்டையையும் எழுப்பினார். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் வேலை நடந்து, 1648ஆம் ஆண்டில் கோட்டை நிறைவுற்றது. செந்நிற மணற்கல்லால் ஆன மதிலின் சுற்றளவு சுமார் 2.4 கிலோமீட்டர். ஆற்றை நோக்கிய பக்கத்தில் மதிலின் உயரம் 18 மீட்டர். நகரத்தை நோக்கிய பக்கத்தில் 33 மீட்டர். அன்று மதிலைத் தழுவி ஓடிய யமுனை இன்று விலகிப் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது மோட்டார் வண்டிகள் ஓடுகின்றன.

சாந்தினி சௌக் கடைவீதியை நோக்கி நிற்பது லாகூர் வாயில். அதன் முன்னால் மறைப்பாக நிற்கும் புறமதிலை எழுப்பியவர் ஷாஜஹானின் மகன் ஔரங்கசீப். அழகிய மணமகளின் முகத்துக்கு மகன் முக்காடு இட்டுவிட்டான் என்று, ஆக்ராவில் சிறையிருந்த தந்தை வருந்தியதாக ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அது உண்மையோ கற்பனையோ, கட்டியவருக்கே இந்தக் கோட்டை நிலைக்கவில்லை என்பது வரலாறு. 1658ஆம் ஆண்டில் அரியணையை இழந்த ஷாஜஹான், தம் இறுதி எட்டு ஆண்டுகளையும் ஆக்ராக் கோட்டையிலேயே கழித்தார்.

வாயிலைக் கடந்தால் கூரையிட்ட கடைத்தெரு. அதனைச் சத்தா சௌக் என்பர். அதற்கு அப்பால் நகரா முழங்கிய நௌபத் கானா. பிறகு பொதுமக்களுக்கு அரசர் காட்சி தந்த திவானி ஆம். அதற்கும் அப்பால், தேர்ந்தெடுத்த சிலருக்கே இடம் தந்த திவானி காஸ். அம்மண்டபத்தைச் சொர்க்கத்துக்கு நிகராகப் புகழும் பாரசீகக் கவிதை வரிகளை அதன் சுவரிலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள். அங்கேதான் மயிலாசனம் இருந்தது.

இனி, இந்தக் கோட்டையின் படைப் பெருமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1739ஆம் ஆண்டில் பாரசீகத்திலிருந்து வந்த நாதிர்ஷா மயிலாசனத்தையும் கோகினூர் வைரத்தையும் எடுத்துச் சென்றான். 1760ஆம் ஆண்டில் மராட்டியப் படையினர் திவானி காஸின் வெள்ளி விதானத்தைப் பெயர்த்தனர். 1788ஆம் ஆண்டில் குலாம் காதிர் என்பவன் இதே கோட்டைக்குள் பேரரசர் ஷா ஆலத்தின் கண்களைப் பறித்தான். 1803ஆம் ஆண்டில் தளபதி லேக் தலைமையில் கும்பெனிப் படை டில்லிக்குள் நுழைந்தது. 33 மீட்டர் உயரமுள்ள மதில் இவற்றுள் ஒன்றையேனும் தடுத்ததா? இல்லை. அரசு வலுவிழந்த பின் மதில் யாரைக் காக்கும்? நம் முன்னோர் அரணை வகுத்துக் கூறியபோதும், அதன் உள்ளே நிற்பவனின் உறுதியையே பெரிதாகப் போற்றினர் அன்றோ?

அந்த உள்ளே நிற்பவன் யார்? அவனே சிப்பாய். அவனுடைய கதை இந்தக் கோட்டையில் 1857ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் தேதி தொடங்குகிறது. முதல் நாள் மீரத்தில் கிளர்ந்தெழுந்த கும்பெனிச் சிப்பாய்கள், இரவோடு இரவாகக் குதிரையேறி யமுனையைக் கடந்து இக்கோட்டையை அடைந்தனர். எண்பது வயதைக் கடந்த பகதூர்ஷாவைத் தங்கள் தலைவராக ஏற்றனர். அவரிடம் படை இல்லை, பணமும் இல்லை, கோட்டைக்கு வெளியே அதிகாரமும் இல்லை. எனினும், அவர் பெயருக்கு ஒரு மதிப்பு இருந்தது. நான்கு மாதங்கள் டில்லி சிப்பாய்களின் கையில் இருந்தது. செப்டம்பரில் பிரிட்டிஷார் நகரத்தை மீட்டனர்.

இங்கே தமிழர் ஒருவருக்கு வேலூர் நினைவுக்கு வராமற் போகாது. 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் சென்னைப் படையின் சிப்பாய்கள் எழுந்தனர். புதிய தலைப்பாகையை அணியவேண்டும், நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடியைத் திருத்தவேண்டும் என்று பிறந்த உத்தரவுகள் அவர்கள் மனத்தைப் புண்படுத்தின. அக்கோட்டையில் காவலில் இருந்த திப்பு சுல்தானின் மக்களைத் தலைவராக்க அவர்கள் முயன்றனர். அன்றைய பொழுது சாய்வதற்குள் எழுச்சி அடக்கப்பட்டது. வேலூருக்கும் டில்லிக்கும் இடையே ஏறக்குறைய ஐம்பத்தொரு ஆண்டுகள். இரண்டிலும் காரணம் ஏறத்தாழ ஒன்றே. கோட்டைக்குள் ஓர் அரச குடும்பம் இருந்ததும், சிப்பாய் அதனை நாடியதும் ஒன்றே. வட நாட்டில் வளரும் நம் பிள்ளைகள் 1857ஐப் பள்ளியில் விரிவாகப் படிக்கின்றனர். வேலூரை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டும் கடமை பெற்றோராகிய நம்முடையது.

1858ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் தேதி பகதூர்ஷாவின் மீது விசாரணை தொடங்கியது. எந்த மண்டபத்தில் என்கிறீர்களா? திவானி காஸில், மயிலாசனம் இருந்த அதே மண்டபத்தில். தம் முன்னோர் நீதி வழங்கிய இடத்தில் அவர் குற்றவாளியாக நிறுத்தப்பட்டார். மார்ச் மாதம் தீர்ப்பு முடிந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அவரை ரங்கூனுக்கு நாடு கடத்தினர். 1862ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி அவர் அங்கேயே உயிர் நீத்தார்.

அதன் பிறகு கோட்டைக்குள் நடந்த அழிவு நாதிர்ஷா செய்ததினும் பெரிது. நாதிர்ஷா பொருள்களை எடுத்துப் போனான். பிரிட்டிஷ் இராணுவத்தாரோ கட்டிடங்களையே எடுத்துவிட்டனர். உள்ளிருந்த மாளிகைகள், தோட்டங்கள், அந்தப்புரங்கள் ஆகியவற்றுள் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. அவற்றின் இடத்தில் துருப்புகளுக்குக் குடியிருப்புகள் எழுந்தன. உயரமாகவும் நீளமாகவும், தாழ்வாரமும் வளைவுகளுமாக, அலங்காரம் ஏதுமின்றி நிற்கும் அக்கட்டிடங்களைப் பாரக்குகள் என்றே எல்லோரும் சொல்வர். இன்று நாம் காணும் பளிங்கு மண்டபங்கள் அந்த அழிவில் தப்பியவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்ஸன் பிரபு காட்டிய அக்கறையால் அவற்றுக்கு ஓரளவு பாதுகாப்பும் பழுதுபார்ப்பும் கிடைத்தன.

பளிங்கைக் கண்டு களித்த கண், பாரக்கைக் கண்டால் சுளிக்கிறது. இந்த அவலட்சணங்களை இடித்துவிட்டு மொகலாயத் தோட்டங்களை மீண்டும் அமைத்தால் என்ன என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆயினும் விடை எளிதன்று. ஏனெனில், 1857க்குப் பிந்திய நம் தேசத்தின் கதை நடந்தது இந்தப் பாரக்குகளின் காலத்தில். இவற்றையும் இடித்துவிட்டால், அடிமைப்பட்ட காலத்துக்கும் அதிலிருந்து மீண்ட காலத்துக்கும் இக்கோட்டையில் சாட்சி இல்லாமற் போய்விடும். வென்றவன் கட்டியதாயினும், சாட்சி சாட்சியே.

அந்த மீட்சியின் கதை ரங்கூனில் தொடங்குகிறது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பல்லாயிரக் கணக்கான இந்தியச் சிப்பாய்கள் போர்க் கைதிகளாயினர். அவர்களைக் கொண்டு முதலில் மோகன் சிங் இந்திய தேசிய இராணுவத்தை அமைத்தார். 1943ஆம் ஆண்டு ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அதன் தலைமையை ஏற்றார். அவர் தம் வீரர்களுக்குக் கொடுத்த முழக்கம் டில்லியை நோக்கியது. செங்கோட்டையில் வெற்றி அணிவகுப்பு நடத்துவதே அவர்கள் கண்ட கனவு. அவ்வாண்டு செப்டம்பரில் ரங்கூனில் பகதூர்ஷாவின் சமாதிக்கு முன்னால் அவர்கள் அணிவகுத்து நின்றனர். செங்கோட்டையிலிருந்து கைதியாகச் சென்ற முதியவரின் கல்லறையிலிருந்து, செங்கோட்டையை நோக்கி ஒரு படை புறப்பட விழைந்தது. வரலாற்றில் இத்தகைய பொருத்தங்கள் அரிது.

இந்தப் படையில் யார் யார் இருந்தனர்? கைதிகளாயிருந்த சிப்பாய்களோடு, மலேயாவிலும் பர்மாவிலும் வாழ்ந்த சாதாரண இந்தியர்களும் சேர்ந்தனர். மலேயாவின் இந்தியர்களுள் பெரும்பாலோர் தமிழர். அவர்களுள்ளும் பெரும்பாலோர் இரப்பர்த் தோட்டத் தொழிலாளர். பால் வெட்டும் கத்தியன்றி வேறு ஆயுதம் அறியாதவர்கள். தாங்கள் பிறந்த ஊரையேனும் மறுபடி காண்போமா என்று ஏங்கியவர்கள். சிலர் இந்திய மண்ணையே கண்ணால் காணாமல் அங்கேயே பிறந்தவர்கள். அக்காலத்தில் சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்கு ஜப்பானியர் தோட்டத் தமிழர்களைக் கூட்டங் கூட்டமாகக் கொண்டுபோயினர். போனவர்களுள் மிகப் பலர் திரும்பவே இல்லை. அத்தகைய இருண்ட நாட்களில், தங்களை மனிதராக மதித்து ‘நாடு’ என்னும் சொல்லைச் சொல்லி அழைத்த குரலுக்கு அவர்கள் செவி கொடுத்தனர். சேர்ந்தவர்கள் அனைவரும் ஒரே காரணத்துக்காகச் சேர்ந்தனர் என்று சொல்வதற்கில்லை. பசிக்கும் அச்சத்துக்கும் அதில் பங்கு இருந்திருக்கும். ஆயினும் தேசப்பற்றின் பங்கைக் குறைத்துச் சொல்லவும் இயலாது.

பெண்களுக்கென ஜான்ஸி ராணிப் படை ஒன்று 1943ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சியைத் தொடங்கியது. அதற்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் லட்சுமி. 1914ஆம் ஆண்டில் சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1940ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்குச் சென்று ஏழைத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் செய்துவந்தவர். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர் என்னும் தமிழ்ப் பெண் இருபது வயதுக்குள் அப்படையில் சேர்ந்து, அதன் அடுத்த நிலைத் தலைவராக உயர்ந்தார். 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அப்படையில் சேர்ந்த பெண்களுள் தோட்டப்புறத் தமிழ்ப் பெண்கள் மிகுதி. அவர்களுள் இருவர் மூவர் பெயரே உலகுக்குத் தெரியும்.

போரில் அந்த இராணுவம் வெல்லவில்லை. 1944ஆம் ஆண்டில் இம்பால், கோஹிமா முனைகளில் ஜப்பானியரோடு சேர்ந்து முன்னேறிய படை, மழையாலும் பட்டினியாலும் நோயாலும் சிதைந்து பின்வாங்கியது. மறுபக்கத்தில் நின்று அவர்களைத் தடுத்தவர்களிலும் பெரும்பகுதியினர் இந்தியச் சிப்பாய்களே என்பதை நாம் மறத்தல் ஆகாது. அவர்களும் நம் கிராமங்களிலிருந்து போனவர்கள்தாம். அவர்களுக்கும் ஊரில் தாய் தந்தையர் காத்திருந்தனர். ஒரே நாட்டின் மக்கள் இரு கொடிகளின் கீழ் எதிரெதிரே நின்ற அந்தத் துயரத்தை, எவரையும் பழிக்காமல் நாம் நினைவுகூர வேண்டும்.

வெற்றி வீரர்களாக நுழைய விரும்பிய செங்கோட்டைக்கு அவர்கள் கைதிகளாக வந்து சேர்ந்தனர். செங்கோட்டையை அடுத்து, ஒரு பாலத்தால் இணைக்கப்பட்டு நிற்பது சலீம்கட் கோட்டை. அது ஷாஜஹானுக்கும் முற்பட்டது. ஷேர்ஷாவின் மகன் சலீம்ஷா 1546ஆம் ஆண்டில் எழுப்பியது. ஔரங்கசீப் காலத்திலேயே சிறையாகப் பயன்பட்டது. 1945ஆம் ஆண்டில் இந்திய தேசிய இராணுவத்தாரை இங்கே அடைத்து வைத்தனர். இப்போது அது விடுதலை வீரர் நினைவிடமாக விளங்குகிறது.

1945ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி செங்கோட்டைக்குள் இராணுவ நீதிமன்றம் கூடியது. குற்றம் சாட்டப்பட்டோர் மூவர்: ஷா நவாஸ் கான், பிரேம் குமார் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான். ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து, ஒருவர் சீக்கியர். மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தார்கள் என்பது தலையாய குற்றச்சாட்டு. பூலாபாய் தேசாய் அவர்களுக்காக முன்னின்று வாதாடினார். தேஜ் பகதூர் சப்ரு, கைலாஸ் நாத் கட்ஜு, ஆஸப் அலி ஆகியோர் உடனிருந்தனர். பல ஆண்டுகளாக வழக்கறிஞர் தொழிலை விட்டிருந்த ஜவாஹர்லால் நேருவும் மீண்டும் கறுப்பு அங்கியை அணிந்து அமர்ந்தார்.

தேசாயின் வாதத்தை இன்றும் படித்துப் பயன்பெறலாம். நோயுற்றிருந்த நிலையில் அவர் நீண்ட நேரம் நின்று பேசினார். அடிமைப்பட்ட ஒரு மக்கள் கூட்டம் தன் விடுதலைக்காகப் படை திரட்டிப் போரிடும் உரிமையை நாடுகளுக்கிடையேயான சட்டம் ஏற்கிறது என்பது அவர் எடுத்துவைத்த கருத்து. இவர்கள் தனி மனிதர்களாகக் கலகம் செய்தவர்கள் அல்லர்; பிற அரசுகளால் ஏற்கப்பட்ட ஓர் அரசின் ஒழுங்கான படையில் பணியாற்றியவர்கள் என்றார். சிப்பாய் யாருக்குக் கடமைப்பட்டவன், தான் எடுத்த சத்தியத்துக்கா, தான் பிறந்த நாட்டுக்கா என்னும் கேள்வியே அந்த அறையில் எழுந்து நின்றது. வேலூர்ச் சிப்பாயிடமும் மீரத்துச் சிப்பாயிடமும் எவரும் கேட்டறியாத கேள்வியை, சட்டத்தின் மொழியில் நாடு முழுவதும் கேட்குமாறு தேசாய் கேட்டார்.

ஆண்டின் இறுதியில் நீதிமன்றம் மூவரையும் குற்றவாளிகள் எனக் கண்டு ஆயுட்கால நாடுகடத்தல் தண்டனை விதித்தது. ஆனால் நாடெங்கும் எழுந்த கொதிப்பைக் கண்ட தலைமைத் தளபதி ஆக்கின்லெக், 1946ஆம் ஆண்டு ஜனவரி மாதத் தொடக்கத்தில் அத்தண்டனையை நீக்கிவிட்டார். மூவரும் விடுதலையாயினர். அடுத்த மாதம் 18ஆம் தேதி மும்பையில் கடற்படை மாலுமிகள் கிளர்ந்தெழுந்தனர். இனிமேல் இந்தியச் சிப்பாயைக் கொண்டு இந்தியாவை ஆள இயலாது என்பது ஆள்வோருக்குத் தெளிவாயிற்று. போர்க்களத்தில் தோற்ற படை, நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற படை, அந்தத் தோல்வியினாலேயே வென்றது என்று சொன்னால் அது மிகையாகாது.

அம்மூவருள் ஒருவரான பிரேம் சேகலை, விடுதலைக்குப் பின்னர் 1947ஆம் ஆண்டு மார்ச்சில் லாகூரில் டாக்டர் லட்சுமி மணந்துகொண்டார். கான்பூரில் குடியேறிய அவர், மருத்துவத் தொண்டைத் தம் முதுமை வரையில் கைவிடவில்லை. 2012ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் தேதி அங்கேயே மறைந்தார். சென்னையில் பிறந்து, சிங்கப்பூரில் படை நடத்தி, வட நாட்டு நகரமொன்றின் ஏழைகளுக்கு மருத்துவராக வாழ்ந்து முடித்த அவ்வாழ்க்கையைப் பிற மாநிலங்களில் வாழும் தமிழ்ப் பெண்கள் அறிந்துகொள்ள வேண்டும். குடியேறிய ஊரைச் சொந்த ஊராக்கிக் கொள்வது எப்படி என்பதற்கு அதனினும் நல்ல பாடம் எளிதிற் கிடைக்காது.

1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் தேதி நேரு செங்கோட்டை மீது மூவர்ணக் கொடியை ஏற்றினார். பிரிட்டிஷ் துருப்புகள் நீங்கிய பாரக்குகளில் சுதந்தர இந்தியாவின் இராணுவம் தங்கியது. 2003ஆம் ஆண்டு டிசம்பரில் இராணுவம் கோட்டையைத் தொல்பொருள் ஆய்வுத்துறையிடம் ஒப்படைத்தது. ஆக, 1857 முதல் 146 ஆண்டுகள் இக்கோட்டை படைமுகாமாக இருந்தது. அரசர்களின் அரண்மனையாக அது இருந்த காலம் இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளே. 2007ஆம் ஆண்டில் செங்கோட்டையும் சலீம்கட்டும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் இடம் பெற்றன.

2019ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் தேதி, நேதாஜியின் பிறந்த நாளன்று, பழைய பாரக்குகளில் பொருட்காட்சிசாலைகள் திறக்கப்பெற்றன. நேதாஜிக்கும் இந்திய தேசிய இராணுவத்துக்கும் ஒன்று. 1857ஆம் ஆண்டு எழுச்சிக்கு ஒன்று. 1919ஆம் ஆண்டு ஜாலியன்வாலாபாக் படுகொலையையும் முதல் உலகப் போரில் பங்கேற்ற இந்தியச் சிப்பாய்களையும் நினைவூட்டும் ஒன்று. பிரிட்டிஷ் சிப்பாய் படுத்துறங்கிய அறைகளில், அவனை எதிர்த்து நின்றவர்களின் உடைகளும் பதக்கங்களும் பட்டயங்களும் வைக்கப்பட்டுள்ளன. நேதாஜி அமர்ந்த நாற்காலியும் அவருடைய வாளும் அங்கே உள்ளன.

இந்தப் பொருட்காட்சிசாலைகளை எவ்வாறு பார்ப்பது? பிள்ளைகள் துப்பாக்கியையும் வாளையும் கண்டால் கண்ணாடிப் பெட்டியைவிட்டு நகரமாட்டார்கள். அது இயல்பு, தடுக்க வேண்டுவதில்லை. ஆனால் ஆயுதம் தானாக எதையும் சொல்லாது. அதனை ஏந்தியவன் எந்த ஊரான், மாதச் சம்பளம் என்ன பெற்றான், யார் ஆணைக்கு அடிபணிந்தான், எப்போது மறுத்தான் என்று நாம் கேட்டால்தான் அது பேசும். சீருடை ஒன்றைக் கண்டால் அதன் அளவைப் பாருங்கள். உள்ளே இருந்தவன் பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன் என்பது புலப்படும்.

முதல் உலகப் போரின் பகுதியையும் அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் அப்போரில் கடல் கடந்து அனுப்பப்பட்டனர். பிரான்ஸிலும் மெஸபொடேமியாவிலும் அவர்கள் போரிட்டனர். அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். போர் முடிந்த மறு ஆண்டே, 1919ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் தேதி, அம்ருதசரஸில் நிராயுதபாணிகளாகக் கூடிய மக்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. சுட்டவர்களும் அதே இராணுவத்தின் சிப்பாய்களே. சாம்ராஜ்யத்துக்காக உயிர் கொடுத்தவனையும், சாம்ராஜ்யத்தின் ஆணைப்படி சுட்டவனையும், சாம்ராஜ்யத்தை எதிர்த்து எழுந்தவனையும் ஒரே மதிலுக்குள் காண்கிறோம். மூவரும் இந்நாட்டு மக்களே. அவர்களுள் யாரைப் போற்றுவது என்று தீர்ப்பளிப்பதற்கு முன், ஒவ்வொருவனும் எந்த நிலையில் நிறுத்தப்பட்டான் என்பதை உணர முயல்வதே பொருட்காட்சிசாலையால் நாம் பெறும் பயன்.

போக விரும்பும் அன்பர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். திங்கட்கிழமைகளில் கோட்டைக்கு விடுமுறை. மெட்ரோ ரயிலில் லால் கிலா நிலையத்தில் இறங்கினால் கோட்டை அருகிலேயே உள்ளது. கோடைக்காலத்தில் நண்பகல் வெயில் பளிங்கிலும் செங்கல்லிலும் பட்டு வாட்டும். காலையிலேயே போய்விடுதல் நலம். முதலில் பாரக்குகளைப் பார்த்துவிட்டுப் பிறகு மண்டபங்களுக்குப் போவது சாலச் சிறந்தது. உடல் களைத்த பின் எழுத்துப் பலகைகளைப் படிக்கப் பொறுமை இராது. மண்டபங்களையோ களைப்பிலும் கண்டு மகிழலாம். முழுமையாகப் பார்க்க ஒரு பகல் வேண்டும்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பொருட்காட்சிசாலையில் தலைவர்களின் பெயர்கள் உள்ளன. அதிகாரிகளின் படங்கள் உள்ளன. பேராக்கிலும் சிலாங்கூரிலும் தோட்டங்களைவிட்டுப் புறப்பட்ட எண்ணற்ற தமிழர்களின் பெயர்களைக் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் தேடினால் எளிதிற் கிடைக்கமாட்டா. அது யாருடைய வஞ்சனையும் அன்று. எழுதி வைத்தவர்களின் பெயரே வரலாற்றில் நிலைக்கிறது. அவர்களோ எழுதத் தெரியாதவர்கள், அல்லது எழுத நேரமில்லாதவர்கள்.

ஆனால் அவர்களுடைய பேரர்களும் கொள்ளுப் பேத்திகளும் எழுத்தறிந்தவர்கள். தஞ்சையிலும் திருச்சியிலும் இராமநாதபுரத்திலும் வேரூன்றிய குடும்பங்கள் பலவற்றில் மலேயாவுக்கோ பர்மாவுக்கோ போய் வந்த பெரியவர் ஒருவரின் கதை இருக்கும். பெட்டியின் அடியில் ஒரு பழைய கடிதமோ, நிறம் மங்கிய புகைப்படமோ, எவரும் பொருள் அறியாத ஒரு பித்தளை வில்லையோ கிடக்கலாம். இன்று அக்குடும்பங்களின் கிளைகள் டில்லியிலும் மும்பையிலும் ஹைதராபாதிலும் வாழ்கின்றன. வீட்டில் மூத்தவர்கள் இருப்பார்களானால் அருகில் அமர்ந்து கேளுங்கள். எந்த ஆண்டில் போனார், எந்தத் தோட்டம், எப்போது திரும்பினார், யார் திரும்பவில்லை என்று கேட்டு, தேதியுடன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பெரிய எழுத்தாளர்தாம் எழுதவேண்டும் என்பதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்தே போதும்.

அரசரின் பெயரைக் கல்லில் பொறிக்க அரசு உண்டு. தலைவரின் வாளைக் காக்கப் பொருட்காட்சிசாலை உண்டு. சாதாரணச் சிப்பாயின் பெயரைக் காக்க அவனுடைய வீட்டாரைத் தவிர வேறு யாரும் இல்லை. அந்தப் பெரியவர்கள் இன்னும் சில ஆண்டுகளே நம்மோடு இருப்பார்கள்.